கிராஃபீன் எதிர்பார்த்த அளவு ஒளியை உறிஞ்சவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கிராஃபீனோடு வேலை செய்ய வருகிற ஏறக்குறைய எல்லாரும் ஓர் எண்ணை மனதில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள்: 2.3 சதவீதம். ஓர் அணு தடிமனே உள்ள கரிப் படலம், தன்மேல் விழும் வெளிச்சத்தில் இவ்வளவை உறிஞ்சும் என்று மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ராகுல் நாயர், ஆந்திரே கெய்ம் முதலானோர் 2008இல் அளந்து காட்டினார்கள். π என்ற கணித மாறிலியை (பை) 137ஆல் வகுத்தால் இந்த எண் வரும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் பெரும்பகுதியிலும் அண்மை அகச்சிவப்பிலும் நிறம் மாறினாலும் இது பெரிதாக மாறாது. மிக அழகான முடிவு. ஆனால் எதன்மேலும் ஒட்டாமல் காற்றில் தொங்குகிற கிராஃபீனுக்குத்தான் அது பொருந்தும்.

நாம் கட்டுகிற அமைப்பு எதிலும் கிராஃபீன் சும்மா தொங்குவதில்லை. கண்ணாடிமேல் கிடக்கிறது, ஆடிக்கு மேலே சிலிக்காப் படலத்தில் ஒட்டியிருக்கிறது, இரண்டு ஆடிகளுக்கு நடுவே அடைபட்டிருக்கிறது. அங்கெல்லாம் அது எவ்வளவு உறிஞ்சும் என்பதை அது நிற்கும் இடத்தில் ஒளியின் மின்புலம் எவ்வளவு இருக்கிறது என்பதே முடிவு செய்கிறது. அளவீடு ஏமாற்றினால் முதலில் இடத்தைச் சந்தேகப்படுங்கள், படலத்தை அப்புறம் பார்க்கலாம். நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை இந்த வரிசை தலைகீழாகப் போனதால் வந்தவை. கிராஃபீனை மறுபடி மறுபடி மாற்றி ஒட்டிக்கொண்டே இருப்போம், பிழையோ அதற்குக் கீழே இருக்கும் படலத்தின் தடிமனில் உட்கார்ந்திருக்கும்.

பிழை தேடும் முன் சரியான எண் எது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒளி செங்குத்தாக விழும்போது ஒற்றைப் படலம் காற்றில் 2.3 சதவீதம் உறிஞ்சும். ஒளிவிலகல் எண் 1.5 உள்ள கண்ணாடியின் மேல் 1.4 சதவீதம், சிலிக்கனின் மேல் 0.45 சதவீதம். நல்ல ஆடிக்கு மேலே கால் அலைநீளத் தொலைவில் 8.8 சதவீதம். ஆடியை அப்படியே தொட்டுக்கொண்டிருந்தால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. எல்லா இடத்திலும் படலம் ஒன்றுதான், எண் மட்டும் சுழியிலிருந்து ஒன்பது வரை ஓடுகிறது.

அறிகுறி: கண்ணாடித் தகட்டின் மேல் 2.3 வரவில்லை, 1.8 வருகிறது

இது பிழையே இல்லை. கண்ணாடிமேல் ஒற்றைப் படலத்தை வைத்து, ஊடுருவும் ஒளியை வெற்றுக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் 1.8 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். உங்கள் அளவீடு சரி.

குழப்பம் வருவது அடுத்த படியில். ஊடுருவல் 1.8 குறைந்ததால் உறிஞ்சலும் 1.8 என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் உறிஞ்சல் 1.4தான். மீதியில் பெரும்பங்கு எதிரொளிப்பாகத் திரும்பிப் போகிறது: கண்ணாடியின் 4 சதவீத எதிரொளிப்பு, கிராஃபீன் வந்ததும் 4.3 ஆகிவிடும். ஊடுருவலை மட்டும் அளந்து உறிஞ்சலைச் சொல்லக் கூடாது. இரண்டையும் அளந்து 100இலிருந்து கழிக்க வேண்டும்.

நாம் தேடுவது ஒன்றிரண்டு சதவீத மாற்றம். விளக்கு அரை மணி நேரத்தில் அரை சதவீதம் நகர்ந்தாலே அளவீடு கெட்டுப்போகும். கிராஃபீன் உள்ள தகட்டை அளந்துவிட்டு வேறொரு வெற்றுத் தகட்டை எடுத்து ஒப்பிடாதீர்கள். ஒரே தகட்டில் பாதியில் கிராஃபீனை விட்டு, மறுபாதியை ஆக்சிஜன் பிளாஸ்மாவில் துடைத்துவிடுங்கள். சில மில்லிமீட்டர் நகர்த்தினாலே ஒப்பீடு கிடைக்கும். ஒளியைச் சீராக வெட்டிவிடும் சாப்பரும், அந்த வேகத்தில் வரும் சைகையை மட்டும் பெருக்கும் லாக்-இன் பெருக்கியும் இருந்தால் இன்னும் நல்லது. லேசரில் அளப்பவர்கள் தகட்டின் பின்முகத்தையும் கவனிக்க வேண்டும். இரண்டு முகங்களிலிருந்தும் எதிரொளிக்கும் ஒளி ஒன்றோடொன்று குறுக்கிட்டு, கிராஃபீனின் விளைவைவிடப் பெரிய அலைகளை எழுப்பும். பின்முகத்தைச் சொரசொரப்பாக்குங்கள், இல்லையென்றால் ஆப்புபோல் சரிந்த தகட்டைப் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: கீழே ஆடி வைத்தும் உறிஞ்சல் கூடவில்லை, இருந்ததும் போய்விட்டது

எனக்கு மிக நெருக்கமான பிழை இது. தங்க ஆடிமேல் 10 நானோமீட்டர் அலுமினா போட்டு, அதன்மேல் கிராஃபீனை ஒட்டி, 1,550 நானோமீட்டரில் அளந்தோம். ஒளி இரண்டு தடவை கிராஃபீனைக் கடக்கிறது, அதனால் 4.6 வரும் என்பது எங்கள் கணக்கு. ஒன்றுமே வரவில்லை. படலம் கிழிந்திருக்கிறது, கிராஃபீனை இடம் மாற்றும்போது தாங்கிப் பிடிக்கும் பி.எம்.எம்.ஏ. பிளாஸ்டிக்கின் எச்சம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு இரண்டு வாரம் மறுபடி மறுபடி ஒட்டினோம். படலத்தின் தரத்தையும் எண்ணிக்கையையும் காட்டும் ராமன் நிறமாலை ஒவ்வொரு முறையும் அருமையான ஒற்றைப் படலத்தையே காட்டியது.

தவறு "இரண்டு தடவை கடக்கிறது" என்ற எண்ணத்தில் இருந்தது. வருகிற அலையும் திரும்புகிற அலையும் சேர்ந்து நிலை அலையாகின்றன. உலோக ஆடியின் முகத்தில் அதன் கணு இருக்கும். அங்கே மின்புலம் ஏறக்குறைய சுழி. கணுவில் நிற்கும் கிராஃபீனுக்கு உறிஞ்ச எதுவும் கிடைப்பதில்லை. எங்கள் அமைப்பைப் பின்னர் முறையாகக் கணக்கிட்டபோது வந்த விடை 0.15 சதவீதம். எங்கள் கருவி அதைப் பார்த்திருக்கவே முடியாது.

தீர்வு, கிராஃபீனை எதிர்க்கணுவுக்கு, அதாவது மின்புலம் உச்சியில் இருக்கும் இடத்துக்கு, உயர்த்துவது. ஆடிக்கும் கிராஃபீனுக்கும் நடுவே கால் அலைநீள இடைப்படலம் வேண்டும். அங்கே மின்புலம் இரு மடங்கு, அதன் வர்க்கம் நான்கு மடங்கு, அதனால்தான் 2.3 என்ற எண் 8.8க்கு ஏறுகிறது. நான்கால் பெருக்கினால் 9.2 வர வேண்டுமே என்று கேட்டால், கிராஃபீன் தானும் கொஞ்சம் எதிரொளித்து மின்புலத்தைக் குறைத்துக்கொள்கிறது.

சிலிக்காவின் ஒளிவிலகல் எண் 1,550இல் 1.444. அலைநீளத்தை அதனாலும் பிறகு நான்காலும் வகுத்தால் 268 நானோமீட்டர். இது முழுமையான ஆடிக்கான தடிமன். தங்கம், வெள்ளி போன்ற உண்மையான உலோகங்களில் ஒளி சற்று உள்ளே போய்த் திரும்புகிறது. இந்த அலைநீளத்தில் கணு உலோக முகத்துக்கு ஏறக்குறைய 22 நானோமீட்டர் உள்ளே தள்ளி விழும். அவ்வளவையும் கழித்துவிட்டால் போட வேண்டியது 246 நானோமீட்டர்.

இந்த 22ஐ மறந்துவிட்டோமே என்று கவலைப்பட வேண்டாம். எளிய ஆடி அமைப்பு தடிமன் பிழையை நன்றாகவே பொறுத்துக்கொள்ளும். 20 நானோமீட்டர் தவறினால் 8.8 என்பது 8.5 ஆகும். 50 தவறினால் 7.4. 100 தவறினால்தான் 4.7க்கு இறங்கும். ஆகவே உங்களுக்கு 7 அல்லது 8 வந்தால் தடிமனைத் துல்லியமாக்குவதில் நாளைச் செலவிட வேண்டாம். 2க்குக் கீழே வந்தால் எலிப்சோமீட்டரில் (படலத் தடிமனை ஒளியால் அளக்கும் கருவி) இடைப்படலத்தை அளந்துவிட்டுத்தான் அடுத்த வேலை. பூச்சு இயந்திரம் காட்டும் தடிமனை நம்பாதீர்கள். ஆவியாக்கிப் பூசிய சிலிக்காவின் அடர்த்தி குறைவாக இருந்தால் ஒளிவிலகல் எண்ணும் குறைந்திருக்கும்.

அறிகுறி: கணக்கில் வந்ததைவிட அதிகம் உறிஞ்சுகிறது

மகிழ்ச்சியடைய வேண்டாம். கூடுதலாக வரும் எண் குறைவாக வரும் எண்ணைவிட ஆபத்தானது, ஏனென்றால் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

100இலிருந்து எதிரொளிப்பையும் ஊடுருவலையும் கழித்து உறிஞ்சலைச் சொல்கிறோம். அப்படியானால் ஒளியுணரிக்கு வராமல் சிதறிப்போன ஒளியெல்லாம் உறிஞ்சல் கணக்கில் ஏறிவிடும். சுருக்கங்கள், தாமிரத்தை அரித்தபின் எஞ்சிய துகள்கள், பி.எம்.எம்.ஏ. எச்சம் எல்லாமே ஒளியைச் சிதறடிக்கும். இருள்புல நுண்ணோக்கியில் ஒரு முறை பாருங்கள். வானத்து நட்சத்திரம்போல் புள்ளிகள் மின்னினால் சிதறல்தான் காரணம். ஒருங்கிணைப்புக் கோளம் இருந்தால் சிதறியதையும் சேர்த்துப் பிடித்து அளந்துவிடலாம்.

அடுத்தது, இரண்டாவது படலம். தாமிரத்தின் மேல் சி.வி.டி. முறையில், அதாவது வாயுவிலிருந்து படியவைத்து, வளர்த்த கிராஃபீனில் அங்கங்கே இரட்டைப் படலத் திட்டுகள் இருக்கும். படலம் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு 2.3 சேர்க்கும். ராமனில் 2,700 அலை எண் அருகே வரும் உச்சியைப் பாருங்கள்: ஒற்றைப் படலத்தில் அது ஒரே வடிவமாக, குறுகலாக, 1,580இல் உள்ள உச்சியைவிட உயரமாக நிற்கும். அளக்கிற ஒளிப்புள்ளி விழும் அதே இடத்தில் ராமனை எடுக்க வேண்டும். தகட்டின் ஒரு மூலையில் எடுத்த ராமன் மறுமூலைக்குச் சாட்சி சொல்லாது.

நீலத்திலும் புற ஊதாவிலும் அளப்பவர்களுக்கு வேறு காரணம் இருக்கிறது. 2.3 என்ற மாறாத எண் அங்கே உடைந்துபோகிறது. உறிஞ்சல் மெல்ல ஏறி 4.6 எலெக்ட்ரான் வோல்ட், அதாவது 270 நானோமீட்டர் அருகே உச்சிக்குப் போகும். அது கிராஃபீனின் இயல்பு.

கடைசியாக, உலோகத்தின் பங்கு. 1,550இல் தங்கம் தானே 2 சதவீதம் விழுங்கும். தங்கத்துக்கு மேல் சிலிக்கா ஒட்டுவதற்காகப் போடும் சில நானோமீட்டர் டைட்டேனியமும் தன் பங்குக்கு உறிஞ்சும். தங்கத்துக்கு அடியில் போடும் டைட்டேனியத்தால் தொல்லை இல்லை, ஒளி அதுவரை போவதில்லை.

அறிகுறி: ஒத்ததிர்வு தெரிகிறது, ஆனால் பள்ளம் ஆழமாக இல்லை

8.8 போதாது என்பவர்கள் கிராஃபீனுக்கு மேலேயும் ஓர் ஆடி வைக்கிறார்கள். இரண்டு ஆடிகளுக்கு நடுவே ஒளி பல தடவை போய் வரும்போது ஒவ்வொரு சுற்றிலும் கிராஃபீன் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். 2012இல் வியன்னாவில் ஒரு குழு இப்படி ஒரு ஒத்ததிர்வுக் குழியில் கிராஃபீனை வைத்து உறிஞ்சலை 26 மடங்காக்கி 60 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனது. கொள்கையளவில் 100 வரை போகலாம். செய்து பார்த்தால் எதிரொளிப்பில் ஒரு பள்ளம் வருகிறது, ஆனால் 30, 40 சதவீதத்தோடு நின்றுவிடுகிறது. இங்கே பெரும்பாலோர் செய்யும் தவறு, முன் ஆடியின் எதிரொளிப்பை இன்னும் கூட்டுவது. அதிகம் எதிரொளித்தால் ஒளி அதிக நேரம் உள்ளே இருக்கும், அதிகம் உறிஞ்சும் என்பது அவர்கள் எண்ணம்.

ஒரு தொட்டிக்குள் தண்ணீர் வரும் வழி, போகும் வழி என்று நினைத்துப் பாருங்கள். முன் ஆடி வழியாக ஒளி உள்ளே வருகிறது, அதே வழியாக வெளியே கசிகிறது. உள்ளே கிராஃபீன் உறிஞ்சுகிறது. ஒரு சுற்றில் முன் ஆடி கசியவிடும் அளவும் உள்ளே உறிஞ்சப்படும் அளவும் சமமாக இருந்தால் மட்டுமே எதிரொளிப்பு முழுமையாக மறையும். கசிவு அதிகமானாலும் பள்ளம் மேலெழும், உறிஞ்சல் அதிகமானாலும் மேலெழும். முன் ஆடியை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டால் ஒளி உள்ளே நுழையவே முடியாமல் திரும்பிவிடும்.

கணக்கு எளிதுதான். பின் ஆடி முழுமையானது, கிராஃபீன் எதிர்க்கணுவில் இருக்கிறது, நடுவே காற்று என்றால், ஒரு சுற்றில் கிராஃபீன் ஏறக்குறைய 9 சதவீதம் எடுக்கும். முன் ஆடி 91 சதவீதம் எதிரொளித்தால் போதும். நடுவே சிலிக்கா என்றால் கிராஃபீனின் பங்கு 6.3க்கு இறங்கும், முன் ஆடி 94 சதவீதம் அளவில் இருக்க வேண்டும். 99 சதவீத ஆடியை வாங்கி மாட்டினால் பள்ளம் ஆழமாகாமல் சுருங்கித்தான் போகும்.

சரி, உங்கள் அமைப்பு எந்தப் பக்கம் தவறியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே ஒரு நிறமாலையைப் பார்த்துச் சொல்ல முடியாது, இரண்டு பக்கத் தவறுக்கும் ஒரே ஆழமுள்ள பள்ளம் வரலாம். கிராஃபீனின் உறிஞ்சலை வேண்டுமென்றே மாற்றிப் பாருங்கள். கேட் (மின்காப்புக்கு அப்பாலிருந்து கிராஃபீனில் மின்னூட்டம் சேர்க்கும் மின்முனை) இருந்தால் மின்னழுத்தம் கொடுத்து உறிஞ்சலைக் குறையுங்கள். பள்ளம் ஆழமானால் உள்ளே உறிஞ்சல் அளவுக்கு மீறி இருக்கிறது என்று பொருள், முன் ஆடியைச் சற்றுத் தளர்த்த வேண்டும். பள்ளம் மேலெழுந்தால் கசிவுதான் அதிகம், முன் ஆடியின் எதிரொளிப்பைக் கூட்ட அதில் இன்னொரு சோடிப் படலம் சேர்க்கலாம், அல்லது இரண்டாவது கிராஃபீன் படலத்தை ஒட்டலாம். உறிஞ்சலைக் குறைத்தால் மொத்த உறிஞ்சல் கூடுகிறது என்பது முதலில் நம்ப முடியாததாக இருக்கும். இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டால் பிறகு மாதக்கணக்கில் ஊகிக்க வேண்டியதில்லை. அதனால்தான் கேட் தேவைப்படாத அமைப்பிலும் நான் ஒரு கேட்டை வைத்துவிடுகிறேன்.

ஆடிகளின் கணக்கு சரியாக இருந்தும் பள்ளம் ஆழமாகவில்லையா? அளக்கும் லென்சைப் பாருங்கள். எண் துளை (லென்ஸ் ஏற்கும் கோணத்தின் அளவு) 0.5 உள்ள நுண்ணோக்கி லென்ஸ் 30 பாகை வரை சாய்ந்த கதிர்களையும் அனுப்பும். சிலிக்கா நிரப்பிய குழியில் அந்த ஓரக் கதிருக்கு ஒத்ததிர்வு 1,550இலிருந்து ஏறக்குறைய 1,454க்கு நகர்ந்துவிடும். மேலே சொன்ன அமைப்பில் பள்ளத்தின் அகலமே 30 நானோமீட்டர் அளவுதான். எல்லாக் கோணங்களின் பள்ளங்களும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, ஆழமற்ற அகலப் பள்ளமாகத் தெரியும். 0.1 எண் துளைக்கு மாறினால் நகர்வு 4 நானோமீட்டருக்குள் அடங்கும்.

பின் ஆடி தங்கமாக இருந்தால் இன்னொரு செய்தி. பள்ளம் முழு ஆழத்துக்குப் போனாலும் உறிஞ்சியதெல்லாம் கிராஃபீன் அல்ல. சிலிக்காவுக்குள்ளிருந்து பார்க்கும் தங்கம் ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய 2.5 சதவீதம் எடுக்கும், கிராஃபீன் 6.3 எடுக்கும். மொத்தத்தில் 70 சதவீதம்தான் கிராஃபீனுடையது. முன் ஆடியின் கணக்கிலும் இந்த 2.5ஐச் சேர்த்து 91 சதவீதத்துக்கு இறக்க வேண்டும். ஒளியுணரி செய்பவர்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம், தங்கம் உறிஞ்சிய ஒளி மின்னோட்டமாக வராது. அவர்கள் இரு பக்கமும் மின்கடத்தாப் பல்படல ஆடியே வைக்க வேண்டும்.

அறிகுறி: கேட் மின்னழுத்தம் கொடுத்தும் உறிஞ்சல் மாறவில்லை

கிராஃபீனின் உறிஞ்சலை மின்னழுத்தத்தால் அணைக்க முடியும் என்பதே அதன் பெரிய கவர்ச்சி. ஃபெர்மி மட்டத்தை, அதாவது எலெக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் ஆற்றலின் மேல் எல்லையை, உயர்த்தினால் எலெக்ட்ரான் தாவிப்போக வேண்டிய இடங்கள் ஏற்கெனவே நிரம்பியிருக்கும், தாவ முடியாது, உறிஞ்சல் நிற்கும். அதற்கு ஃபெர்மி மட்டம் ஒளித்துகளின் ஆற்றலில் பாதியைத் தாண்ட வேண்டும். 1,550 நானோமீட்டர் ஒளித்துகளின் ஆற்றல் 0.8 எலெக்ட்ரான் வோல்ட், ஆகவே 0.4 வேண்டும். அதற்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறக்குறைய 12 இலட்சம் கோடி மின்னூட்டத் துகள்கள் சேர வேண்டும்.

இதை எப்படிச் சேர்ப்பது? வழக்கமான 300 நானோமீட்டர் சிலிக்கா, ஒரு வோல்ட்டுக்கு 7,200 கோடி துகள்களைத்தான் சேர்க்கும். கணக்குப் போட்டால் 160 வோல்ட்டுக்கு மேல். நம் 246 நானோமீட்டர் ஆடி அமைப்பில் 134 வோல்ட். அந்தப் புலத்தில், சென்டிமீட்டருக்கு 54 இலட்சம் வோல்ட்டில், ஆவியாக்கிப் பூசிய சிலிக்கா தாங்காது. நீங்கள் 40 வோல்ட் கொடுத்து ஒன்றும் நடக்கவில்லை என்றால் கிராஃபீன் ஒத்துழைக்க மறுக்கிறது என்று பொருளல்ல. அது இன்னும் பாதி வழிகூட வரவில்லை.

முதல் தீர்வு, மெல்லிய மின்காப்பு. 2011இல் பெர்க்லியில் சிலிக்கன் அலைநடத்தியின் மேல் கிராஃபீன் வைத்து, ஒளியை மின்னழுத்தத்தால் கூட்டிக் குறைக்கும் மாடுலேட்டர் செய்தபோது 7 நானோமீட்டர் அலுமினாவைத்தான் பயன்படுத்தினார்கள். அவ்வளவு மெல்லிய படலத்தில் கணக்குப்படி இரண்டு மூன்று வோல்ட்டே போதும். ஆடி அமைப்பில் இப்படிச் செய்ய முடியாது, கால் அலைநீளத் தடிமன் நமக்குக் கட்டாயம். அங்கே கிராஃபீனுக்கு மேலே அயனி ஜெல் தடவி மேலிருந்து கேட் கொடுக்கலாம். மெதுவாக வேலை செய்யும், ஆனால் சில வோல்ட்டில் முடியும்.

இன்னொரு தீர்வு எனக்கு மிகப் பிடித்தது: அலைநீளத்தையே மாற்றுவது. அலைநீளம் இரட்டித்தால் தேவையான துகள்கள் கால்வாசியாகும், இடைப்படலம் இரு மடங்காகும். தேவைப்படும் மின்னழுத்தம் பாதியாகிவிடும், மின்புலமோ கால்வாசிக்கு இறங்கிவிடும். 3 மைக்ரோமீட்டரில் 75 வோல்ட் அளவில் வேலை முடியும், படலமும் எளிதில் தாங்கும். தொலைத்தொடர்பு அலைநீளம் கட்டாயமில்லை என்றால் அங்கே போய்விடுங்கள்.

மின்னழுத்தம் போதுமானதாக இருந்தும் மாறவில்லையா? ஒளியை அணைத்துவிட்டு மின்தடையை அளங்கள். கேட்டை மாற்றும்போது மின்தடை ஓரிடத்தில் உச்சிக்குப் போகும், அதுதான் சமநிலைப் புள்ளி. உச்சியே தெரியவில்லை என்றால் கிராஃபீன் எங்கோ கிழிந்து மின்முனையிலிருந்து துண்டாகியிருக்கலாம், அல்லது சமநிலைப் புள்ளி நீங்கள் கொடுக்கும் எல்லைக்கு வெளியே போயிருக்கலாம். கேட்டின் கசிவு மின்னோட்டம் ஏறினால் மின்காப்பில் ஊசித்துளை. ஆடியைத் தகடு முழுக்கப் பூசாமல் சிறு சிறு கட்டங்களாகப் பூசுங்கள், ஊசித்துளையில் மாட்டும் வாய்ப்பு பரப்போடு சேர்ந்து குறையும்.

சமநிலைப் புள்ளி சுழி வோல்ட்டில் இல்லாமல் நேர்ப்பக்கம் 40, 60 வோல்ட்டில் இருப்பது சாதாரணம். காற்றில் இருக்கும் கிராஃபீன் மின்துளைகளோடுதான் (எலெக்ட்ரான் இல்லாத, நேர்மின்னூட்டம்போல் நடக்கும் இடங்கள்) இருக்கும். அப்படியானால் எதிர் மின்னழுத்தம் கொடுங்கள், கிராஃபீன் ஏற்கெனவே கொஞ்ச தூரம் வந்திருக்கிறது. எச்சத்தைப் போக்க 300 பாகை செல்சியசில் சூடாக்குகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: சூடாக்கியபின் கிராஃபீன் சிலிக்காவோடு இன்னும் நெருங்கி ஒட்டிக்கொள்ளும், காற்று பட்டதும் முன்பைவிட அதிக மின்துளைகளைப் பெறும். கேட் எதுவும் கொடுக்காமலே ஃபெர்மி மட்டம் 0.3 எலெக்ட்ரான் வோல்ட்டில் இருந்தால், 2 மைக்ரோமீட்டருக்கு மேல் உறிஞ்சல் தானாகவே விழுந்துவிடும். 1,550இல் சரியாக அளந்த உறிஞ்சல் 2.5 மைக்ரோமீட்டரில் மாயமாக மறைந்தால் காரணம் இதுதான்.

அணையும் இடம் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக இருக்காது. அறை வெப்பநிலையிலேயே அது 0.1 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் பரந்திருக்கும். கணக்கிட்ட வோல்ட்டில் பாதிதான் அணைந்திருக்கும், முழுக்க அணைய அதைத் தாண்டிப் போக வேண்டும்.

அறிகுறி: கேட்டை ஏற்றும்போது ஓர் எண், இறக்கும்போது வேறு எண்

இது தயக்கம் (hysteresis). கிராஃபீனுக்கும் சிலிக்காவுக்கும் நடுவே மாட்டிய நீரும், ஆக்சைடில் உள்ள மின்னூட்டப் பொறிகளும் காரணம். வெற்றிடத்தில் வைத்து 100 பாகைக்குமேல் சில மணி நேரம் சூடாக்கி, காற்று படாமலே அளந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஈரப்பதம் மிகுந்த ஊரில் வேலை செய்பவர்கள் இதைத் தவிர்க்கவே முடியாது. நிலையான தீர்வு வேண்டுமென்றால் அறுகோண போரான் நைட்ரைடுப் படலங்களுக்கு நடுவே கிராஃபீனை வைக்க வேண்டும், அது நேரம் பிடிக்கும் வேலை. அதுவரை, எந்தத் திசையில் எந்த வேகத்தில் ஏற்றினீர்கள் என்று ஒவ்வொரு அளவீட்டோடும் எழுதிவையுங்கள்.

அறிகுறி: தகட்டைச் சாய்த்தால் உறிஞ்சல் மாறுகிறது

மாறத்தான் வேண்டும். கிராஃபீன் தன் தளத்துக்குள் கிடக்கும் மின்புலத்தை மட்டுமே உறிஞ்சும். தொங்கும் படலத்தை 60 பாகை சாய்த்தால், மின்புலம் தளத்துக்கு இணையாக உள்ள தளவிளைவில் (தளவிளைவு என்பது ஒளியின் மின்புலம் அதிரும் திசை) உறிஞ்சல் இரட்டித்து 4.6 ஆகும், மற்றதில் பாதியாகி 1.15 ஆகும். எண்கள் தாறுமாறாக வந்தால் தளவிளைவியைப் போடாமல் அளக்கிறீர்கள். இழை வழியாக ஒளி கொண்டுவருபவர்கள் இழையைத் தொட்டாலே தளவிளைவு மாறும் என்பதை மறக்க வேண்டாம்.

அறிகுறி: லேசர் திறனைக் கூட்டினால் உறிஞ்சல் குறைகிறது

துடிப்பு லேசராக இருந்தால் கிராஃபீன் தெவிட்டுகிறது. எலெக்ட்ரான்கள் மேலே நிரம்பியபின் அடுத்த ஒளித்துகளுக்கு இடமில்லை. இழை லேசர்களில் குறுந்துடிப்பு உண்டாக்க 2009இல் சிங்கப்பூரில் இதே குணத்தைத்தான் பயன்படுத்தினார்கள், அங்கே இது வரம். நமக்கு அளவீட்டுப் பிழை. தொடர் லேசரில் இதே அறிகுறி வந்தால் பெரும்பாலும் சூடுதான் காரணம்: ஒட்டியிருந்த நீர் விலகி ஃபெர்மி மட்டம் நகர்கிறது. திறனைப் பத்தில் ஒன்றாக்கி மறுபடி அளங்கள். எண் மாறாத அளவுக்குக் குறைத்த பிறகே குறித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: டெராஹெர்ட்ஸில் ஒவ்வொரு மாதிரியும் வேறு வேறு எண் தருகிறது

இங்கே 2.3ஐ முழுமையாக மறந்துவிட வேண்டும். இந்த அலைநீளங்களில் கிராஃபீன் ஓர் உலோகத் தகடுபோல் நடந்துகொள்கிறது, அதன் தகட்டு மின்தடைதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. மாதிரிக்கு மாதிரி மின்தடை சில நூறு ஓமிலிருந்து ஆயிரத்துக்கு மேல் மாறுவதால் உறிஞ்சலும் மாறுகிறது. முதலில் நான்கு முனை அளவீட்டில் மின்தடையை எடுங்கள், ஒளி அளவீடு பிறகு.

தனியாகத் தொங்கும் மெல்லிய தகடு எதுவாக இருந்தாலும் ஒரு பக்கத்திலிருந்து வரும் ஒளியில் 50 சதவீதத்துக்கு மேல் உறிஞ்ச முடியாது. அந்த உச்சி 188 ஓமில் வரும். கீழே ஆடி வைத்துக் கால் அலைநீளத்தில் நிறுத்தினால் 377 ஓமில் 100 சதவீதம் வரும். ரேடார் அலைகளை விழுங்க வின்ஃபீல்டு சாலிஸ்பரி 1952இல் காப்புரிமை பெற்ற திரை இதே அமைப்புதான், கிராஃபீனுக்குப் பதில் வேறு மின்தடைத் தாள். அவருக்குத் தாளின் மின்தடை நிலையானது, நமக்கோ கேட் மின்னழுத்தத்தால் மாற்றக்கூடியது.

ஆகவே 1,000 ஓம் மாதிரி கையில் இருந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டாம். ஆடியோடு சேர்த்தால் அதுவே 80 சதவீதம் உறிஞ்சும். கேட் மின்னழுத்தத்தாலோ நைட்ரிக் அமில ஆவியாலோ மின்துளைகளைக் கூட்டி மின்தடையை 377க்கு இறக்கிக்கொண்டே போங்கள், பள்ளம் ஆழமாகும். 377ஐத் தாண்டி இன்னும் கீழே போனால் மறுபடி மேலெழும். நைட்ரிக் அமிலத்தின் விளைவு சில நாள்களில் காற்றில் கலைந்துவிடும் என்பதால், ஆவி காட்டிய அன்றே அளவீட்டை முடித்துவிடுங்கள்.